மாதுமை என்ற பெயரில் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்களா?

மகளுக்கு இன்றோடு 70 நாள். பதிவு 3 மாதத்துக்குள் முடிய வேண்டும், இன்னும் பெயர் முடிவாகவில்லை.

நாங்கள் இருப்பது திருகோணமலை உவர்மலையில். பிள்ளை மக நட்சத்திரம். ம, மி, மு, மே எழுத்துகளில் பெயர் வைக்கச் சொன்னார்கள். எனக்கு உடனே வாயில் வந்தது மாதுமை. கோணேசர் கோயில் அம்பாளின் பெயர், என் அம்மம்மாவின் பெயரும் அதுதான். மாமிக்குப் பிடிக்கவில்லை. "கிழவிப் பெயர், பள்ளிக்கூடத்தில் மது மது என்று கூப்பிட்டுப் பகிடி பண்ணுவார்கள்" என்கிறார். கணவர் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார்.

சரி, விசாரித்துப் பார்ப்போம் என்று கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, இப்போதெல்லாம் 'ஷ' இல்லாமல் பெயரே வருவதில்லை என்றார். தெரிந்த முன்பள்ளி ஆசிரியை வரவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்: 31 பிள்ளைகளில் ஒரு மாதுமையும் இல்லை, 'ஷிகா' என்று முடிகிற பெயர் மட்டும் நான்கு. சாம்பல்தீவிலும் தம்பலகாமத்திலும் உறவினரைக் கேட்டேன். அவர்களுக்குத் தெரிந்த மாதுமைகள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். அப்புறம், ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் பாதிப் பேர் 'மதுமை' என்றுதான் வாசிக்கிறார்கள். அது வேறு தலையிடி.

மாதேவி, மீனாட்சி என்று மாற்றுப் பெயர்களும் பார்த்தாயிற்று. மனம் ஒட்டவில்லை.

கடந்த பத்து வருடத்துக்குள் பிறந்த மாதுமை யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கிறாளா, இருந்தால் அவளைப் பள்ளிக்கூடத்தில் எப்படிக் கூப்பிடுகிறார்கள்?