லேப்டாப் பூட்டு சரியா நிக்கல, பின்னறை ஓட்டுக்கூரை, வாடகைக் கட்டடம்: எதை முதல்ல பூட்ட?

மார்த்தாண்டம்_சென்டர்

வணக்கம். ஆன்லைன் விண்ணப்பம், டைப்பிங், ஜெராக்ஸ் எல்லாம் பண்ணுற சின்ன சென்டர். முன்னறை கான்கிரீட், 10 அடி ரோலிங் ஷட்டர். பின்னறை பழைய ஓட்டுக்கூரை. நடுவுல ஹாலோ பிளாக் சுவர். உள்ளே அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப் 5, லேப்டாப் 2, கேமரா டிவிஆர் (கேமராப் பதிவைச் சேமிக்கிற பெட்டி) 1, விரல்ரேகை ஸ்கேனர் 2, பிரிண்டர்.

லேப்டாப்புக்கு ஒரே மாடல்ல நம்பர் கேபிள் லாக் ரெண்டு வாங்கினேன். ஒண்ணுல பூட்டோட தலை ஓட்டைக்குள்ள போகவே இல்ல. இன்னொண்ணுல பூட்டுது, ஆனா லொடலொடன்னு ஆடுது. சுவர்ல கொக்கி மாட்ட 8 எம்எம் ஆங்கர் (துளைக்குள்ள விரிஞ்சு பிடிக்கிற போல்ட்டு) அடிச்சேன், முறுக்க முறுக்கச் சும்மா சுத்துது. தரையில துளை போடக்கூடாதுன்னு கட்டட உரிமையாளர் சொல்லிட்டார். எங்கேருந்து தொடங்கணும்?

நாஞ்சில்_சர்வீஸ்

முதல்ல ஸ்கேல் வச்சு ஓட்டையை அளங்க. லேப்டாப் பூட்டு ஓட்டை மூணு சைஸ்ல வரும். பழைய கென்சிங்டன் ஓட்டை 7 × 3 எம்எம். மெல்லிசு லேப்டாப்புல வர்ற நானோ 6 × 2.5. சில டெல் மாடல்கள்ல வெட்ஜ்னு ஒண்ணு, 4.5 × 3.2. கண்ணால பார்த்தா மூணும் ஒண்ணு போலத்தான் இருக்கும். ஒண்ணோட தலை இன்னொண்ணுல சரியா உட்காராது. அழுத்தி ஏத்தப் பார்க்காதீங்க, ஓட்டையோட விளிம்பு விரிஞ்சிட்டா பிறகு சரியான பூட்டும் நிக்காது.

ஆடுற லேப்டாப்புக்கு: பூட்டோட வந்த கவர்ல மெல்லிசா ரப்பர் துண்டு ஒண்ணு ரெண்டு இருக்கும். பேக்கிங்னு நினைச்சு நிறைய பேர் தூக்கிப் போட்டுடுறாங்க. ஓட்டைக்கும் தலைக்கும் நடுவுல உள்ள இடைவெளியை அடைக்கத்தான் அது. அதைச் செருகிட்டுப் பூட்டுங்க, ஆட்டம் நின்னிடும்.

நம்பர் மாத்தும்போது கவனம். ரீசெட் திருகை முழுசா திருப்பி, நம்பர் வச்சு, திரும்ப பழைய இடத்துக்குக் கொண்டு வந்த பிறகுதான் சக்கரத்தைக் கலைக்கணும். பாதியில விட்டுட்டுச் சக்கரத்தைச் சுத்தினா எந்த நம்பர்ல நின்னுதுன்னு யாருக்கும் தெரியாது, 0000 தொடங்கி 9999 வரை நீங்களே உருட்ட வேண்டியதுதான். பூட்டின பிறகு நாலு சக்கரத்தையும் கலைங்க. கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு பல் நகர்த்தி வைக்கிறது பூட்டாத மாதிரிதான்.

சாவிப் பூட்டு வாங்குறதா இருந்தா, உருண்டை வாய் உள்ள பழைய டியூபுலர் சாவி மாடலைத் தவிர்த்திடுங்க. மலிவானதுல பேனாக் குழலைத் திணிச்சே திறந்துடுவாங்க.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். இந்தக் கேபிள் பகல்ல, ஆள் நடமாட்டத்துல, ஒருத்தன் பைக்குள்ள போட்டுட்டு நடையைக் கட்டாம இருக்கத்தான். ராத்திரி கட்டர் கொண்டு வர்றவனுக்கு அது ஒரு நிமிஷ வேலை கூட இல்ல. கடை மூடும்போது லேப்டாப்பும் ஸ்கேனரும் பீரோவுக்குள்ள போகணும்.

வெல்டிங்_குளச்சல்

ஆங்கர் சுத்துறதுக்குக் காரணம் சுவர். ஹாலோ பிளாக்குல வெளித்தோல் ஒரு இஞ்ச் சொச்சம்தான், உள்ளே வெறும் காத்து. விரியுற ஆங்கர் கான்கிரீட்டுல சுத்தி நெருக்கிப் பிடிக்கும். இங்கே தோலை உடைச்சிட்டு உள்ளே போயி சும்மா நிக்கும். பெரிய ஆங்கர் போட்டா ஓட்டைதான் பெருசாகும்.

இதுக்கு வழி: சுவரைத் துளைச்சு அந்தப் பக்கம் வரை 10 எம்எம் போல்ட்டு. ரெண்டு பக்கமும் 100 × 100 எம்எம், 6 எம்எம் கனத் தகடு. நட்டு வர்ற பக்கம் பூட்டுற அறையா இருக்கணும். முறுக்கினதும் நட்டுக்கு வெளியே நீட்டுற மரையைச் சுத்தியலால தட்டிச் சப்பையாக்கிடுங்க. பிளாக் நசுங்குற அளவுக்கு முறுக்க வேண்டாம், தகடு சுவர்ல படிஞ்சு கால் சுத்து போதும். அந்தப் பக்கத் துளை வேண்டாம்னா வலைச்சட்டை போட்ட கெமிக்கல் ஆங்கர் (பசையால பிடிக்கிறது) இருக்கு, ஆனா துளையில தூசி இருந்தா பசை பிடிக்காது. பிரஷ் விட்டு ஊதி, திரும்பப் பிரஷ் விட்டு ஊதணும்.

ஷட்டர்: நடுப்பூட்டு மட்டும் இருந்தா ரெண்டு ஓரத்துலயும் கம்பி விட்டு நெம்பலாம், ஜாக்கி வச்சும் தூக்கலாம். அடித்தகட்டுல ரெண்டு ஓரமும் 12 எம்எம் சைடு போல்ட்டு வச்சு, கைடு சேனலுக்குள்ள (ஷட்டர் ஏறி இறங்குற ஓரச் சட்டம்) குறைஞ்சது ரெண்டு இஞ்ச் நுழையுற மாதிரி பண்ணுங்க. பூட்டோட வளையம் முழுசா வெளியே தெரியக்கூடாது, சுத்தி 5 எம்எம் தகட்டுல ஒரு பெட்டி வெல்டு பண்ணினா கட்டரோட வாய் உள்ளே போகாது. பின்வாசல் மரக்கதவுல கொண்டி மாட்டின ஸ்குரூ தலை வெளியே தெரிஞ்சா அந்தப் பூட்டுக்கு எவ்வளவு காசு குடுத்தும் பிரயோசனம் இல்ல, பூட்டைத் தொடாம ஸ்குருவைக் கழட்டிட்டுப் போயிடுவான். உருண்டைத் தலை கேரேஜ் போல்ட்டு போட்டு நட்டு உள்ளே வரட்டும்.

கடல் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊர் உப்புக்காத்துல கெட்டி இரும்பு வளையப் பூட்டு சீக்கிரமே துரு ஏறி இறுகிடும். பித்தளை உடம்பு, ஸ்டெயின்லெஸ் வளையம் எடுங்க. ஸ்டெயின்லெஸ்ல 304 கிரேடும் கறை பிடிக்கும், 316 கிடைச்சா நல்லது. இறுகின பூட்டுல தேங்காய் எண்ணெய் விடுறது வீட்டு வழக்கம், அது தூசியைப் பிடிச்சு வச்சு உள்ளே உள்ள ஊசியெல்லாம் ஒட்டிக்கிடும். தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுச் சாவியைப் பத்து தடவை போட்டு எடுங்க.

தக்கலை_பவர்

தரையில துளை வேண்டாம்னா மேசைகளை ஒண்ணோட ஒண்ணு பூட்டிடலாமே. அஞ்சு மேசையோட பின்கால்களுக்கும் குறுக்கே 40 × 5 எம்எம் பட்டை ஒண்ணு ஓட்டி, ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு போல்ட்டு. மொத்தமா வாசல்ல நுழையாது. கேபிளை மேசைக் காலைச் சுத்தி மட்டும் போடாதீங்க, மேசையை நாலு விரல் தூக்கினா கேபிள் கழன்று வந்துடும். அந்தப் பட்டையிலயே 10 எம்எம் துளை போட்டு அதுக்குள்ள விடுங்க.

டெஸ்க்டாப் கேபினட்டோட (சிபியு பெட்டி) பின்பக்கம் சைடு மூடி ஓரத்துல ஒரு வளையம் நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, பூட்டு போடத்தான் அது. 5 எம்எம் வளையப் பூட்டு போட்டு, கேபிளையும் அதுலயே சேர்த்தா பெட்டியும் நகராது, மூடியும் திறக்காது. ரேம் மட்டும் உருவிட்டுப் போற திருட்டும் உண்டுல்லா, அதுக்கு இது ஆகும். மலிவு கேபினட்டுல அந்த வளையம் பேப்பர் மாதிரி இருக்கும். கையால மடங்கினா நம்பாதீங்க.

வடசேரி_நெட்

டிவிஆரை மறந்துட்டாங்க எல்லாரும். திருட வர்றவன் முதல்ல பிடுங்குறது அதைத்தான். மேசை மேல மானிட்டர் பக்கத்துல வச்சா பதிவும் சேர்ந்து போகும். 25 எம்எம் இரும்பு ஆங்கிள்ல கூடு அடிச்சு, முன்னறை கான்கிரீட் மேல்தளத்துல தொங்க விடுங்க. எட்டு எம்எம் டிராப் இன் ஆங்கர்னா (உள்ளே மரை உள்ள குழல்) 10 எம்எம் துளை, ஸ்டட் ஆங்கர்னா (மரைக்கம்பி வெளியே நீட்டுறது) 8 எம்எம் துளை, ரெண்டையும் குழப்பிடாதீங்க. பக்கங்கள்ல ஓட்டைத் தகடு, பின்னால நாலு இஞ்ச் இடைவெளி. மூடின பெட்டியில வச்சா ஹார்டு டிஸ்க் சூட்டுல போயிடும்.

ஓட்டுக்கூரை அறையில பொருள் எதுவும் வைக்காதீங்க. கூரை ஓடு நாலை நகர்த்தினா ஆள் இறங்கலாம். கோழி வலையை யு ஆணியில அடிக்கிறாங்க, ஆணி ஒரு இழுப்புல வரும். செய்யுறதா இருந்தா கழுக்கோலுக்கு (ஓட்டைத் தாங்குற சாய்வு மரம்) அடியில 12 எம்எம் சதுரக் கம்பி, அஞ்சு இஞ்ச் இடைவெளியில, வாஷர் வச்ச கோச் ஸ்குருவால (மரத்துல ஏறுற தடிச்ச ஸ்குரு). செலவு பார்த்தா அந்த அறைக்கும் முன்னறைக்கும் நடுவுல உள்ள கதவை இரும்பாக்குறது லாபம்.

அலாரம் வச்சாலும் அந்த அறையில அசைவு சென்சார் வேண்டாம். பல்லி, எலி, வெயில்ல சூடாகி ஆறுற ஓடு, எல்லாத்துக்கும் கத்தும். மூணாவது ராத்திரி நீங்களே ஆஃப் பண்ணிடுவீங்க. கதவுக்குக் காந்த சென்சார் போதும். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியை ரெண்டு மூணு வருஷத்துல மாத்தணும், இல்லேன்னா கரண்ட் போன நேரம் பார்த்து ஊமையாகும்.

மார்த்தாண்டம்_சென்டர்

அளந்தேன். போகாத லேப்டாப் 4.5 × 3.2. ரப்பர் துண்டு கவருக்குள்ளயே இருந்தது, போட்டேன், மற்றது இப்ப ஆடல. பட்டை யோசனை நல்லாருக்கு. பசையில ஒட்டுற தகடு கிடைக்குதே, பீரோவை அப்படி ஒட்டினா சரியாகுமா?

நாஞ்சில்_சர்வீஸ்

அப்போ அது வெட்ஜ், அதுக்குன்னு உள்ள தலை வாங்குங்க.

பசைத்தகடு மானிட்டருக்கு ஓகே. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, ஒட்டி, மூணு நாள் தொடாம விடணும். ஒட்டின அன்னைக்கே கேபிள் மாட்டி இழுத்துப் பார்த்தா பிடிப்பு கெட்டிடும். சொரசொரப் பிளாஸ்டிக்குலயும் சுண்ணாம்பு அடிச்ச சுவர்லயும் நிக்காது. அதனால பீரோவுக்கு வேண்டாம். பீரோவுக்குள்ளேருந்து பின்தகட்டைத் துளைச்சு, குளச்சல் அண்ணன் சொன்ன தகடு போல்ட்டோட நடுச்சுவர்ல கட்டுங்க. நட்டு பீரோவுக்குள்ள வரட்டும், பூட்டினா யாராலயும் தொட முடியாது. உரிமையாளர் தரையைத்தானே வேண்டாம்னார்? சுவருக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க. பீரோவுக்குள்ள லேப்டாப்பை சார்ஜ் போட்டு மூடாதீங்க.

தக்கலை_பவர்

காகித வேலையும் இருக்கு. அசெம்பிள் பெட்டிக்கு மொத்தமா ஒரு சீரியல் நம்பர் கிடையாது. மூடியைத் திறந்து மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், ரேம், எஸ்எம்பிஎஸ் (கரண்ட் குடுக்கிற பெட்டி) ஒவ்வொண்ணோட ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து, ஜிஎஸ்டி பில்லோட மெயில்ல போட்டு வையுங்க. சென்டர் கம்ப்யூட்டர்ல மட்டும் வச்சா அதுவும் திருட்டோட போகும். இனி வாங்கும்போது பில்லுலயே சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்க.

பர்க்லரி பாலிசி (திருட்டு இன்சூரன்ஸ்) எடுத்தா, பொதுவா பலவந்தமா உடைச்சு நுழைஞ்ச அடையாளம் கேப்பாங்க. திறந்த கதவு வழியா போன பொருளுக்கும், வேலைக்கு நிக்கிற ஆள் எடுத்ததுக்கும் பெரும்பாலும் பணம் வராது. அதனால உடைஞ்ச பூட்டையும் அறுந்த கேபிளையும் பெருக்கித் தள்ளிடாதீங்க. கிடக்கிற இடத்துலயே போட்டோ எடுத்து, போலீஸ் பார்த்த பிறகு தொடுங்க. ஸ்டேஷன்ல சிஎஸ்ஆர் ரசீதோட (புகார் வாங்கினதுக்கான சீட்டு) நிறுத்திடாம எஃப்ஐஆர் நகல் கேளுங்க, இன்சூரன்ஸ்காரங்க அதைத்தான் கேப்பாங்க. இப்ப திருட்டு பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்துல பிரிவு 303, கட்டடத்தை உடைச்சு நுழையுறது பிரிவு 331.

வடசேரி_நெட்

லேப்டாப் போனாலும் உள்ளே கிடக்கிற மத்தவங்க ஆதார், சான்றிதழ் ஸ்கேன் போகக்கூடாது. விண்டோஸ் புரோ இருந்தா பிட்லாக்கர் (டிஸ்க்குல உள்ளதை மத்தவங்க படிக்க முடியாம பூட்டுற வசதி) போடுங்க, மீட்புச் சாவியை பிரிண்ட் எடுத்து வீட்டுல வையுங்க. ஹோம் பதிப்புல முழு பிட்லாக்கர் இருக்காது, வேலை முடிஞ்ச ஸ்கேன் ஃபைலை அன்னைக்கே அழிச்சிடுங்க.

மார்த்தாண்டம்_சென்டர்

சுவருக்குச் சம்மதம் கிடைச்சாச்சு. நடுச்சுவர் ஆறு இஞ்ச் கனம். 10 எம்எம் போல்ட்டு எத்தனை நீளம் எடுக்க?

வெல்டிங்_குளச்சல்

சுவர் 150, ரெண்டு பக்கப் பூச்சு 12, 12. தகடு ரெண்டும் 12. பீரோ தகடு, வாஷர், நட்டு சேர்த்து 15. மொத்தம் 201 வருது. கடையில 200 குடுத்தா எடுக்காதீங்க, நட்டு முழுசா பிடிக்காது. 10 எம்எம் திரெட் ராடு ஒரு மீட்டர் வாங்கி 230ல நாலு துண்டு போடுங்க. அறுக்கிறதுக்கு முன்னால ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நட்டை உள்ளே ஏத்தி வச்சுக்கிட்டு, அறுத்த பிறகு வெளியே கழட்டுங்க, வெட்டுவாய்ல மரை தன்னால சரியாகும்.