சொந்தத்தில் கல்யாணம்: உங்கள் வீட்டில் எப்படி?

மல்லிப்பூ (தேனிப் பக்கம்):
என் வீட்டுக்காரர் எனக்குத் தாய்மாமன். அம்மாவின் கடைசித் தம்பி, என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு போட்டோ இருக்கிறது. என் காதுகுத்து. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நான் வீறிட்டு அழுகிறேன். என்னை மடியில் வைத்துக் கையை இறுக்கிப் பிடித்திருக்கும் டவுசர் போட்ட பையன் அவர்தான். பிள்ளைகளுக்கு அதைப் பார்த்தால் ஒரே சிரிப்பு.

கல்யாணத்துக்கு முன்னும் ‘மாமா’, பின்னும் ‘மாமா’. எனக்குச் சிரமமே இல்லை. அம்மாதான் பாவம், ஒரே நாளில் எனக்கு நாத்தனார் ஆகிவிட்டாள். அவளை அம்மாயி என்பதா அத்தை என்பதா என்று என் மகளுக்கு இன்னும் முடிவாகவில்லை.

வேலை மாற்றலில் இரண்டு வருடம் லக்னோவில் இருந்தோம். வீட்டுக்கார அம்மாளிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவர்களுக்கு மாமா என்றால் அப்பா மாதிரியாம். சித்தப்பா மகனைக் கட்டு என்றால் நமக்கு எப்படிக் குமட்டும்? அந்தக் குமட்டல்தான் அவர் முகத்தில். 1955 இந்துத் திருமணச் சட்டமே இந்த உறவைத் தடைப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. வழக்கத்தில் இருந்தால் செல்லும் என்று ஒரு விலக்கு உண்டு, அதில்தான் எங்கள் குடித்தனம் ஓடுகிறது.

எனக்கு ஒரே ஒரு குறை. சண்டை வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகப் பிறந்த வீடு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு தடவை போனேன். அம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டு, “அவன் சாப்பிட்டானா?” என்றாள்.

பழைய சைக்கிள் (கோவை):
நான் கட்டியது அத்தை மகளை. பையனுக்கு ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை. ‘ஆம்பளப் பையன் லேட்டாத்தான் பேசுவான்’ என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஒருநாள் கோயிலில் மணி அடித்தது. சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பின, இவன் மட்டும் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

மரபியல் டாக்டர் ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், தம்பதிக்கு நடுவில் ஒரு கோடு. எங்களுக்கு மட்டும் இரண்டு கோடு. ஏன் என்றேன். சொந்தத்தில் கட்டியிருந்தால் அப்படித்தான் போடுவோம் என்றார். வீட்டில் வேறு யாருக்காவது காது கேட்காதா என்று கேட்டபோது அப்பா வாயே திறக்கவில்லை. என் மனைவிதான், “ஊமைத் தாத்தா” என்றாள். அப்பத்தாவின் தம்பி அவர். ஆடு மேய்த்துக்கொண்டு தோட்டத்துச் சாளையிலேயே இருந்து செத்துப்போனார். எனக்கு அப்பத்தா, மனைவிக்கு அம்மாயி, இரண்டும் ஒரே கிழவி!

பழுதான மரபணு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் ஆகாதாம், இரண்டு பக்கமும் வந்தால்தான் வினை. எங்கள் இருவரிடமும் ஒவ்வொன்று இருந்திருக்கிறது. அதனால் எங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. டாக்டர் பயமுறுத்தவில்லை. பொதுவாக நூறு குழந்தைகளில் மூன்றுக்குப் பிறவிக் குறை இருக்கும் என்றால், அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் ஆறு வரை போகலாம், மீதி நன்றாகத்தான் பிறக்கும் என்றார். தாய்மாமன் என்றால் ரத்தம் இன்னும் நெருக்கம். (மல்லிப்பூ, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.) தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் கட்டியவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நாடு முழுக்கப் பார்த்தால் 11தான்.

முதலமைச்சர் காப்பீட்டில், காது கேட்க வைக்கும் காக்ளியர் கருவி பொருத்தினோம். இப்போது ஏழு வயது. நான் திட்ட ஆரம்பித்தால் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறான்.

பெயர் வேண்டாம் (தஞ்சாவூர்):
நான் மாட்டேன் என்று சொன்னவன். மாமன் மகள் என் கண்முன்னால் வளர்ந்தவள், எனக்குத் தங்கச்சி மாதிரி. அதை வீட்டில் சொன்னபோது, “முறைப்பெண்ணைப் போய்த் தங்கச்சி என்கிறானே, இவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது” என்றார்கள். நம் ஊரில் இந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது போலிருக்கிறது. மாமா அன்றோடு பேச்சை நிறுத்தினார். அந்தப் பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் ஆகிவிட்டன. அவள் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவாள். மாமா மட்டும் இறங்கி வரவில்லை. பதினொரு வருடம்.

போன மாசியில் அம்மா தவறிவிட்டாள். பிறந்த வீட்டுக் கோடி வராமல் எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் காத்திருந்தார்கள். மதியம் மூன்று மணிக்கு மாமா வந்தார். கையில் அரக்குச் சேலை. என்னைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே போய் அதை என் மனைவி கையில் கொடுத்து, “அக்காவுக்குப் போத்தும்மா” என்றார்.