இலவச எச்.ஐ.வி. சிகிச்சைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

கூடலூர் வாசகர்:
தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் உறவினர் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று உறுதியாகியிருக்கிறது. பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்தான். ஆயினும் உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டிய இச்சிகிச்சை அரசுக்குச் சுமையாகி, பாதியில் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறோம்.

கோத்தகிரி வாசகர்:
அஞ்ச வேண்டாம், ஐயா. இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் தொடங்கி இன்றுவரை தொடர்கிறது. 2000-ஆம் ஆண்டளவில் ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேலாக இருந்த மருந்துச் செலவு, 2001-இல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்த பிறகு சரியத் தொடங்கியது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய எச்.ஐ.வி. மருந்துகள் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையின் ஆண்டு விலை 45 டாலருக்கும் கீழே இறங்கியதாக, எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கு நிதி தரும் உலக நிதியம் 2023-இல் அறிவித்தது. அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 3,700 ரூபாய்.

குன்னூர் வாசகர் (முன்னாள் ஆற்றுப்படுத்துநர்):
மாத்திரையோடு செலவு முடிவதில்லை. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆற்றுப்படுத்துநர், ஆய்வக நுட்பநர் ஆகியோரின் ஊதியம், இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் பரிசோதனை, இவற்றோடு எந்தக் கணக்கிலும் ஏறாத உங்கள் உறவினரின் கூலி இழப்பும் உண்டு. அந்த இழப்பே பலரைச் சிகிச்சையிலிருந்து விலகச் செய்வதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். உடல்நிலை சீரானதும், பல மாத மாத்திரைகளை ஒருசேரத் தர இயலுமா என்று மாத்திரை தரும் சிகிச்சை மையத்தில் அவசியம் கேளுங்கள். தோட்டத்தில் செய்தி பரவுமென்று தயங்க வேண்டாம். அவர் ஒப்புதலின்றி அதை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது.

கூடலூர் வாசகர்:
நன்றி, அம்மா. அடுத்த முறை நானும் உடன் சென்று கேட்கிறேன்.