கபில் அழுததைப் பார்த்து முடிவு கட்டினேன், தப்பா?

கோவில்பட்டி பவுலர்:
2000-ல் எனக்குப் பதினாறு வயது. 1994-ல் இலங்கையில் நடந்த போட்டியில் சரியாக ஆடாமல் இருக்கக் கபில் தேவ் தனக்கு 25 லட்சம் தருவதாகச் சொன்னார் என்று அவரோடு இந்திய கிரிக்கெட் அணியில் ஆடிய மனோஜ் பிரபாகர் குற்றம் சாட்டிய நேரம். கபில் டிவி பேட்டியில் தேம்பித் தேம்பி அழுதார். "தப்பு பண்ணாதவன் எதுக்குடா அழணும்?" என்றார் பெரியப்பா. அன்று ராத்திரியே சுவரில் இருந்த கபில் படத்தைக் கிழித்தேன். 1983 கோப்பையோடு சிரிக்கும் படம்.

இப்போது என் மகன் கிளப்பில் பந்து வீசுகிறான். கூட ஆடும் பையன் ஒருவன் வயதைக் குறைத்துக் காட்டியிருக்கிறான் என்று பேச்சு. அவன் வீட்டுக்குப் போகாதே என்றேன். "நீங்க பாத்தீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டான். கிழித்த படம்தான் ஞாபகம் வந்தது. ஒருவன் எப்படிப்பட்டவன் என்று எதை வைத்து முடிவு செய்வது?

ரேடியோ ரசிகன்:
அந்த நவம்பரில் வந்த சிபிஐ அறிக்கை, கபிலுக்கு எதிராக நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. ஆனால் செப்டம்பரிலேயே அவர் இந்திய அணியின் பயிற்சியாளர் பதவியை விட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அதே அழுகையைப் பார்த்து, "பாவம், இவர் செய்திருக்கவே மாட்டார்" என்றார்கள். முடிவு சரியாக அமைந்தது, ஆனால் வந்த வழி உங்கள் பெரியப்பா வந்த வழிதான். கண்ணீர் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி இல்லை.

லெக் கல்லி:
எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அதே சூதாட்ட விவகாரத்தில் சிக்கிய முன்னாள் கேப்டன் அசாருதீன் விஷயத்தில் சிபிஐ அறிக்கை அவருக்கு எதிராக இருந்தது, டிசம்பரில் கிரிக்கெட் வாரியம் ஆயுள் தடை போட்டது. 2012-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. அவர் மணிக்கட்டைத் திருப்பி லெக் சைடில் தட்டும் அழகுக்காகவே கிரிக்கெட் பார்த்தவன் நான். அந்தப் பிரியத்தில், "பார்த்தாயா, அவர் நிரபராதி" என்று பலரிடம் சண்டை போட்டிருக்கிறேன். தடை செல்லாது என்பது வேறு, நடந்தது என்ன என்பது வேறு என்று இப்போதுதான் பிரித்துப் பார்க்கிறேன். பிரபாகருக்கும் ஐந்து வருடத் தடை விழுந்தது. அதனாலேயே அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடாது, கபிலைப் பற்றிச் சொன்னதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

நெட்ஸ் அண்ணன்:
நான் சின்னப் பையன்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறேன். வயது விஷயத்துக்கு வழி இருக்கிறது அண்ணே. வாரியமே மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைப் பார்க்கிறது. சந்தேகம் இருப்பவர் சங்கத்தில் எழுத்தில் கொடுக்கட்டும். அதுவரை அவன் உங்கள் மகனோடு ஆடுகிற பையன், அவ்வளவுதான். பெரியவர்கள் பேச்சு அந்த வயதில் எப்படிக் குத்தும் தெரியுமா? வதந்தியால் ஒரு நல்ல கீப்பர் வருவதையே நிறுத்திவிட்டான். நான் போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

கோவில்பட்டி பவுலர்:
எல்லோருக்கும் நன்றி. மகனிடம், நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் இரண்டு பேரும் எங்கள் மொட்டை மாடியில்தான் பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள்.