சாஸ், மசாலாவால் நிரம்பி வழியும் அலமாரி: எதை வைப்பது, எதைத் தூக்கிப் போடுவது?

அலமாரி:
மசாலா தட்டில் கை நுழைய இடமில்லை. ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட்டுகள், ஒரே பொடி மூன்று டப்பாவில். ஃபிரிட்ஜ் கதவிலோ சோயா சாஸ், ஆய்ஸ்டர் சாஸ், ஃபிஷ் சாஸ், மயோனைஸ், கெட்சப் என்று எல்லாமே கால் பாட்டில், அரை பாட்டில். பாட்டிலில் போட்டிருக்கும் தேதி தாண்டவில்லை என்றால் வைத்துக்கொள்ளலாமா? பொடிகளில் வாசம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கல்லுப்பு:
அந்தத் தேதி சீல் உடைக்காத பாட்டிலுக்கு. திறந்த பிறகு கணக்கே வேறு. உப்பும் புளிப்பும் எவ்வளவு என்பதுதான் முக்கியம். சோயா சாஸ், ஃபிஷ் சாஸ் இரண்டிலும் உப்பு அதிகம், லேசில் கெடாது. ஆனால் காற்றுப் பட்டுப் பட்டு நிறம் கறுத்து சுவை மட்டுப்படும், அதனால் ஃபிரிட்ஜ் நல்லது. உப்பு குறைத்த சோயா சாஸுக்கு ஃபிரிட்ஜ் கட்டாயம். ஃபிஷ் சாஸ் அடியில் கற்கள் போல் தெரிவது உப்புதான், பயப்பட வேண்டாம்.

கெட்சப் திறந்தபின் வெளியே ஒரு மாதம், உள்ளே ஆறு மாதம். மயோனைஸ் ஃபிரிட்ஜிலேயே இரண்டு மாதம்தான். ஆய்ஸ்டர் சாஸை வெளியே வைத்தால் பாட்டில் வாயைச் சுற்றி பூஞ்சை பிடிக்கும். மேலே வழித்துவிட்டு மீதியை ஊற்றாதீர்கள், பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் இறங்கியிருக்கும். மூடி உப்பியிருந்தால் ருசி பார்க்காமலேயே குப்பைக்கு. வீட்டில் எண்ணெயில் ஊறப்போட்ட பூண்டு ஃபிரிட்ஜில் அதிகபட்சம் 4 நாள். அதில் வளரும் நச்சுக்கிருமியை வாசனையால் கண்டுபிடிக்க முடியாது.

வினிகர் மட்டும் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும்.

தாளிப்பு:
மசாலாவுக்கு வருகிறேன். முழுசாக இருப்பவை 3–4 வருடம் தாங்கும், பொடி 2–3 வருடம். அரைத்ததும் வாசனை எண்ணெய் வேகமாகப் பறந்துவிடும். ஒரு சிட்டிகை பொடியை உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். மிளகு, ஏலக்காய் மாதிரி முழுசானவற்றை உடைத்துத்தான் பார்க்க வேண்டும், உடைக்காத மிளகில் வாசம் வராது. எள், கசகசாவில் சிக்கு வாடை அடித்தால் வைக்காதீர்கள்.

மிளகாய்த்தூள் ஏமாற்றும். காரம் அப்படியே இருக்கும், நிறமும் மணமும் முதலில் போகும். சிவப்பு மாறி செங்கல் பழுப்பானால் பழசு. வாசம் போன பொடியை இரண்டு மடங்கு போட்டால் கசப்புதான் ஏறும், மணம் வராது.

டப்பாவைக் கொதிக்கும் பாத்திரத்துக்கு மேல் பிடித்துக் கொட்டாதீர்கள். ஆவி உள்ளே போய் கட்டி தட்டும், பிறகு பூஞ்சை. பழைய பொடியின் மேல் புதுசைக் கொட்டுவதும் தப்பு.

அலமாரி:
இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட்டில் குட்டிப் பழுப்பு வண்டு இருக்கிறது. சலித்துப் பயன்படுத்தலாமா?

தாளிப்பு:
வேண்டாம். முட்டை சல்லடையில் நிற்காது. பாக்கெட்டோடு கட்டி வெளியே போட்டுவிடுங்கள். இந்த வண்டு பிளாஸ்டிக் கவரையும் துளைக்கும், அதனால் பக்கத்தில் இருந்தவற்றையும் பிரித்துப் பாருங்கள். சுத்தமாகத் தெரிபவற்றை −18 டிகிரி ஃப்ரீசரில் 4 நாள் வையுங்கள். எடுத்ததும் திறக்கக் கூடாது. குளிர் விட்ட பிறகு திறந்தால்தான் உள்ளே ஈரம் கோக்காது. பிறகு இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றுங்கள். தட்டின் மூலை, திருகாணித் துளைகளில் சிந்திய பொடியை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள், வண்டு தங்குவது அங்கேதான்.

கல்லுப்பு:
அடுக்கும்போது அகர வரிசை பார்க்காதீர்கள். தினமும் எடுப்பவை முன்னால், மற்றவை பின்னால். அடுப்புக்கு மேல் தட்டு மட்டும் கூடாது, சூடும் ஆவியும் அங்கேதான். திறந்த தேதியை டேப்பில் எழுதி ஒட்டுங்கள்: டிராயர் என்றால் மூடியில், தட்டு என்றால் முன்பக்கம். அபூர்வமாகப் பயன்படும் மசாலாவை 50 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம்.

கடுகு சாஸ் பாட்டில் ஏதாவது இருந்து, அடியில் ஒரு ஸ்பூன் ஒட்டியிருந்தால் அதிலேயே 1 ஸ்பூன் வினிகர், 3 ஸ்பூன் எண்ணெய், உப்பு போட்டு மூடிக் குலுக்குங்கள். சாலட்டுக்கு ஆச்சு, ஒரு பாட்டில் இடமும் காலி.