சிஎச்ரூட்டுக்கு ‘வளவு’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பயனரை ஓர் அடைவுக்குள் (கோப்புறைக்குள்) பூட்டி, அதற்கு வெளியே எதுவும் தெரியாதபடி செய்வதுதான் சிஎச்ரூட் (chroot). அதைத் தமிழில் சொல்ல ‘வேர்மாற்றம்’, ‘சிறை’ என்று இரண்டு சொற்கள் முன்வந்திருக்கின்றன. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பூட்டிய அந்த அடைவுக்கு ‘வளவு’ என்று பெயர் வைக்கலாம் என்கிறேன்.

காரைக்குடி வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு வழங்கியாக (server) வைத்திருக்கிறேன். ஐயா காலத்து ரங்கூன் பேரேடுகளை ஸ்கேன் செய்து அதில் ஏற்றியாயிற்று. சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பங்காளிகள் அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும், தங்களிடம் இருப்பதையும் போட வேண்டும். கோப்புகளை அனுப்பும் பழைய முறையான எஃப்டிபியில் (FTP) கடவுச்சொல் மறைப்பே இல்லாமல் போகும், அதனால் எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபி (SFTP). அதற்கு ஓப்பன்எஸ்எஸ்எச் (OpenSSH) என்ற மென்பொருள் இருந்தாலே போதும், 22ஆம் போர்ட் ஒன்றிலேயே எல்லாம் நடக்கும்.

சிக்கல் சிஎச்ரூட்டில் வந்தது. பங்காளிகளுக்கென்று ஓர் அடைவை ஒதுக்கி, அதை அண்ணன் பெயருக்கே உரிமையாக்கிவிட்டேன். கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்கிறது, மறுநொடி இணைப்பு அறுந்துவிடுகிறது. ஒரு மாலை முழுக்க அதிலேயே போயிற்று. கடைசியில் பதிவுக் கோப்பைத் திறந்தால், அடைவின் உரிமை சரியில்லை என்று ஒரே வரி. அந்த அடைவும் அதற்கு மேலே உள்ளவையும் ரூட்டுக்கே (கணினியின் தலைமைப் பயனருக்கே) சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாருக்கும் எழுதும் அனுமதி இருக்கக் கூடாது. சரி என்று அதை ரூட் பெயருக்கு மாற்றி, 755 (உரியவர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் பார்க்கலாம்) கொடுத்து, உள்ளே ஆளுக்கோர் அடைவு வைத்து, அவரவர் பெயருக்கு மாற்றி 700 (உரியவருக்கு மட்டுமே அனுமதி) கொடுத்தேன். உடனே வேலை செய்தது.

நான் உட்கார்ந்திருந்ததே வளவில்தான். நடுவில் முற்றம், சுற்றிலும் தூண்கள், அவற்றுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, புள்ளிக்கு ஓர் அறை, சாவி அவரவரிடம். வளவு பொது. யாரும் நினைத்தபடி அதில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. நான் தவறவிட்ட விதி அப்படியே அதில் இருக்கிறது. அந்த அடைவுக்கு ‘வளவு’ என்று முதலிலேயே பெயர் இருந்திருந்தால் அதை அண்ணன் பெயருக்கு எழுதியிருக்க மாட்டேன்.

‘சிறை’ என்றால் உள்ளே இருப்பவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். கோலாலம்பூர்ச் சித்தப்பா என்ன குற்றம் செய்தார்? ‘வேர்மாற்றம்’ 1979இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் வந்த பெயரைச் (change root) சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. அதைக் கேட்டால் தோட்ட வேலைதான் மனத்தில் வரும்.

செட்டிநாட்டுக்கு வெளியே இது யாருக்குப் புரியும் என்று கேட்கலாம். ஈழத்தில் வீட்டையும் அதைச் சுற்றி வேலியடைத்த நிலத்தையும் இன்றும் வளவு என்றுதான் சொல்கிறார்கள். சொல் வாக்கியத்திலும் நன்றாக உட்காருகிறது: ‘இந்தக் குழுவை வளவுக்குள் மட்டும் விடு’, ‘வளவைத் தாண்டி எதுவும் தெரியாது’.

அப்புறம், எஸ்எஃப்டிபிக்கு ‘காப்புக் கோப்புக் கடத்தல்’ வேண்டவே வேண்டாம். கடத்தல் என்றதும் விமான நிலையத்தில் பிடிபட்ட தங்கம்தான் நினைவுக்கு வரும். ‘பரிமாற்றம்’ இருக்கட்டும்.

‘வளவு’ ஒத்துவராது என்றால், அடைவு யாருக்குச் சொந்தம் என்பதையும் சேர்த்து உணர்த்தும் வேறொரு சொல் தாருங்கள், மாற்றிக்கொள்கிறேன்.