நம் தெருப் பிள்ளைகளின் பேண்டு முகாம்: நிறைவுக் கச்சேரி வாரம்

வாட்ஸ்அப் குழு: நம் தெரு, தஞ்சாவூர்

வெள்ளிக்கிழமை, காலை

செல்வி: அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளின் கோடைக்கால பேண்டு முகாம் ஞாயிற்றுக்கிழமையுடன் முடிகிறது. அன்று மாலை 6 மணிக்குத் தொடக்கப் பள்ளி மைதானத்தில் நிறைவுக் கச்சேரி. நாற்காலிக்குச் சொல்லியாகிவிட்டது. மோரும் சுண்டலும் யார் பொறுப்பு என்று இன்றே பேசி முடித்துவிடலாம்.

சரஸ்வதி பாட்டி: சுண்டல் நான் செய்கிறேன். கொண்டைக்கடலை. இன்றிரவே கணக்குச் சொல்லிவிடுங்கள், நாளை ஊற வைக்க வேண்டும்.

ரஹீம்: மோர் எங்கள் வீட்டிலிருந்து வரும். இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு, பச்சை மிளகாய் இல்லாமல்.

அந்தோணி மாஸ்டர்: ஊதுகிற பிள்ளைகளுக்குச் சுண்டல் கச்சேரி முடிந்த பிறகுதான். வாயில் கடலைத் துணுக்கு இருந்தால் அது நேராகக் கருவிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு முன் தண்ணீர் மட்டும் போதும்.

சரஸ்வதி பாட்டி: அப்படியே ஆகட்டும் மாஸ்டர். யாழினியிடமும் சொல்லிவிடுகிறேன். கேட்க மாட்டாள், பாத்திரத்தை மூடிப் பூட்டுகிறேன்.

வெங்கடேசன்: மாஸ்டர், ஒரு சந்தேகம். நிலா வீட்டில் கீபோர்டில் எல்லாவற்றையும் சரியாக வாசிக்கிறாள். நேற்று அருள் டிரம்பெட்டைக் கொண்டு வந்து சேர்ந்து வாசித்தான். இருவரும் ஒரே தாளைப் பார்த்துத்தான் வாசித்தார்கள், ஆனால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. யாரிடம் பிழை?

அந்தோணி மாஸ்டர்: இருவரிடமும் இல்லை. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பி ஃப்ளாட் கருவிகள். தாளில் ‘சி’ என்று எழுதியிருப்பதை அருள் ஊதினால் கீபோர்டில் ‘சி’க்கு இரண்டு கட்டை கீழே இருக்கும் பி ஃப்ளாட்தான் கேட்கும். நிலா அதே தாளைப் பார்த்து ‘சி’யை அழுத்தினால் இரண்டு சுருதியில் இரண்டு பாட்டு ஓடும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்ற பொத்தானை அழுத்தி மைனஸ் இரண்டு வையுங்கள், சரியாகிவிடும்.

வெங்கடேசன்: வைத்துப் பார்த்தோம். சேர்ந்துவிட்டது! நன்றி மாஸ்டர். இன்னொன்றையும் இப்போதே கேட்டுவிடுகிறேன். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். கடைசியிலாவது ஒரு சினிமாப் பாட்டு இருந்தால் வருகிறவர்களுக்கு உற்சாகமாக இருக்கும் அல்லவா? எல்லாமே நோட்டுஸ்வரம் என்ற பழைய பாட்டுகளாக இருக்கின்றனவே.

அந்தோணி மாஸ்டர்: எனக்கும் சினிமாப் பாட்டு பிடிக்கும் சார். போலீஸ் பேண்டில் இருந்தபோது எத்தனையோ மேடைகளில் வாசித்திருக்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த மே மாதம்தான் முதன்முதலாகக் கருவியைக் கையில் பிடித்தவர்கள். டிரம்பெட் பிள்ளைகளுக்கு உறுதியாக வருவது ஆறேழு ஸ்வரங்கள். அதற்கு மேல் போனால் உதட்டை அழுத்திப் புண்ணாக்கிக்கொள்வார்கள். கிளாரினெட்டில் ஒரு கட்டத்துக்கு மேல் எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் மூடி, இடது கட்டை விரலால் பின்பக்கச் சாவியையும் அழுத்த வேண்டும். ஒரு துளையில் மயிரிழை திறந்திருந்தாலும் கீச்சென்று கத்தும். நிரலில் உள்ள ‘சியாமளே மீனாக்ஷி’ ‘ஸ’விலிருந்து ‘த’ வரை ஆறே ஸ்வரம். ‘ஸந்ததம் பாஹிமாம்’ பாட்டுக்குக் கீழே ஒரு ‘நி’ மட்டும் கூடுதல். பிள்ளைகள் பயமில்லாமல் நிமிர்ந்து நின்று வாசிக்கலாம்.

சண்முகம் ஐயா: நானும் ஒன்று சொல்கிறேன். தஞ்சாவூரில் பிள்ளைகள் பேண்டு வாசிக்கும்போது நோட்டுஸ்வரத்தை விட்டுவிட்டு வேறு எதைத் தொடங்குவது? முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டைக் கேட்டார் என்று சொல்வார்கள். அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள் கட்டியவைதான் நோட்டுஸ்வரங்கள். முப்பதுக்கும் மேல் இருக்கின்றன, சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில். ‘ஸந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. நம் ஊர் சரபோஜி மன்னரும் அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். கிளாரினெட்டும் வெளியார் வாத்தியம் என்று ஒதுங்கி நிற்கவில்லை, பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர்க் கச்சேரிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்ற பட்டத்தைக் கொடுத்தவரே ராஜரத்தினம் பிள்ளைதான். நாதஸ்வரச் சக்கரவர்த்தி வாயால் வந்த பட்டம் அது.

வெங்கடேசன்: ஐயா, இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதையே அன்று மேடையில் நீங்கள் இரண்டு நிமிடம் பேசுங்கள்.

சண்முகம் ஐயா: பேச்சு வேண்டாம். பிள்ளைகள் வாசிக்கட்டும். நான் முன்வரிசையில் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை, இரவு

ஜெயந்தி: மாஸ்டர், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கௌதமுக்கு ஏன் பேஸ் டிரம் மட்டும்? யாழினி கிளாரினெட் வாசிக்கிறாள், அருள் டிரம்பெட் வாசிக்கிறான். இவன் ஒரு மாதமாகப் போய் வந்து ‘டம்’ என்று ஓர் அடி அடிப்பதற்குத்தான் நிற்கப் போகிறான் என்றால் அவன் தாத்தாவிடம் நான் என்ன சொல்வது? திருவாரூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்.

அந்தோணி மாஸ்டர்: ஜெயந்தி அம்மா, நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளையும் நிற்க வைத்து மூன்று நடைக்குக் கை தட்டச் சொன்னேன். ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. இரண்டு நிமிடத்தில் எல்லோரும் ஓடத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் அப்படித்தான், உற்சாகம் ஏற ஏறக் காலம் ஓடும். கௌதம் ஓடவில்லை. பக்கத்தில் இருந்தவன் வேகமாகத் தட்டினான், இவன் என் கையைப் பார்த்துக்கொண்டே நிதானமாகத் தட்டினான். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அந்தோணி மாஸ்டர்: பேஸ் டிரம் அடிப்பவனுக்கு ஒளிய இடம் இல்லை. கிளாரினெட்டில் ஒரு பிள்ளை ஒரு ஸ்வரத்தை விட்டால் மற்ற நான்கு பேர் மூடிவிடுவார்கள். இவன் ஓர் அடியைத் தள்ளி அடித்தால் பேண்டு முழுவதும் தள்ளிப் போகும். அடித்த பிறகு இடது கையைத் தோலின் மேல் வைத்து ஓசையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அடி வரை முழங்கிக்கொண்டே இருக்கும். அதையும் கற்றுக்கொண்டான். முகாமுக்கு வந்த யாரையும் நான் சும்மா நிற்க வைக்கவில்லை அம்மா.

சண்முகம் ஐயா: தவில்காரர் இல்லாமல் நான் எந்தக் கோயிலில் வாசித்திருக்கிறேன் ஜெயந்தி?

ஜெயந்தி: சரி ஐயா. சரி மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.

ஷகிலா: மாஸ்டர், இந்த நேரத்தில் நானும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு இரவுப் பணி. பகலில்தான் தூக்கம். முகாம் தொடங்கிய புதிதில் டிரம் சத்தத்தில் கண்ணை மூட முடியவில்லை. சொன்ன மறுநாளே பழைய டயர் ரப்பரை வெட்டி முக்காலியில் ஒட்டி, பிள்ளைகளை அதில் தட்டிப் பழக வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். ஞாயிறு எனக்கு விடுமுறை. நானும் வருகிறேன்.

சனிக்கிழமை

செல்வி: மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். கொடிமரத்துப் பக்கம் மேடை வைத்தால் நல்ல இடம், நிறைய நாற்காலி போடலாம்.

அந்தோணி மாஸ்டர்: அங்கே நின்றால் பிள்ளைகளின் முகம் மேற்கே பார்க்கும். ஆறு மணி வெயில் நேராகக் கண்ணில் விழும். தாளும் தெரியாது, என் கையும் தெரியாது.

வெங்கடேசன்: எதிர்ப்பக்கம் வைத்தால் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் விழும். பெரியவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள்.

அந்தோணி மாஸ்டர்: இன்னொன்றும் இருக்கிறது. வெயிலில் கருவி சூடானால் சுருதி ஏறும். டிரம்பெட்டில் ட்யூனிங் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து இறக்கலாம், கிளாரினெட்டிலும் மூட்டைச் சற்று இழுக்கலாம். ஆனால் நிழலில் இருந்த கருவி ஒரு சுருதி, வெயிலில் இருந்தது ஒரு சுருதி என்றால் நான் எத்தனை பேரிடம் ஓடுவது?

சண்முகம் ஐயா: பொழுது சாயட்டும். 6.40க்குத் தொடங்குங்கள்.

செல்வி: அதுதான் சரி. கச்சேரி 6.40க்கு. மேடை கொடிமரத்துப் பக்கமே. கருவிகள் அதுவரை வகுப்பறைக்குள் இருக்கட்டும். எல்லோரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தோணி மாஸ்டர்: பெற்றோருக்கு: நாளை பகலில் பிள்ளைகளை ‘இன்னொரு முறை வாசித்துக் காட்டு’ என்று கேட்காதீர்கள். உதடும் தசைதான், களைத்துவிடும். காலையில் பத்து நிமிடம் நீளமாக ஒரே ஸ்வரம் ஊதட்டும், போதும். கிளாரினெட் பிள்ளைகள், ஊதுகிற முனையில் பொருத்தும் மெல்லிய நாணல் பட்டையான ரீடு இரண்டு எடுத்து வரட்டும். நுனி பிளந்த ரீடு வேண்டாம்.

யாழினியின் அப்பா: பிளந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது மாஸ்டர்?

அந்தோணி மாஸ்டர்: ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். நுனியில் கோடு தெரிந்தால் அது வேண்டாம்.

யாழினியின் அப்பா: கோடு தெரிகிறது. புதியதை எடுத்து வைக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை, இரவு

செல்வி: [காணொளி]

செல்வி: கைகள் இன்னும் நடுங்குகின்றன. தமிழ்த்தாய் வாழ்த்தைப் பிள்ளைகள் கருவியைக் கீழே வைத்துவிட்டு வாயாலேயே பாடியபோதே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வந்தவர்கள், உதவியவர்கள், நாற்காலி தூக்கியவர்கள் அனைவருக்கும் நன்றி.

ரஹீம்: மோர் ஒரு சொட்டு மிச்சமில்லை.

சரஸ்வதி பாட்டி: யாழினி முதலில் தனியாக எடுத்தாளே, ‘சக்தி ஸஹித கணபதிம்’, அந்த இடத்தை யாராவது பதிவு செய்தீர்களா? நான் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், போனை எடுக்கவே இல்லை.

வெங்கடேசன்: இருக்கிறது பாட்டி. நாளை வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுக் காட்டுகிறேன்.

சண்முகம் ஐயா: எல்லோரும் பாராட்டுகிறீர்கள், நல்லது. நான் கேட்ட ஓர் இடத்தைச் சொல்கிறேன். ‘ஸந்ததம் பாஹிமாம்’ இரண்டாம் முறை வாசித்தபோது டிரம்பெட் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். கைதட்டல் கேட்ட உற்சாகம். கிளாரினெட் பின்னால் நின்றுவிட்டது. பேண்டு இரண்டாகப் பிளந்தது. மாஸ்டர் குச்சியை வீசவில்லை, முறைக்கவில்லை. பேஸ் டிரம்மைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அந்தப் பிள்ளை ஓடியவர்கள் பின்னாலும் போகவில்லை, நின்றவர்களுக்காகவும் காத்திருக்கவில்லை. தன் இடத்தில் ஒன்று, தன் இடத்தில் ஒன்று என்று அடித்தான், சற்று ஓங்கி. ஓடிய பிள்ளைகள் அதைக் கேட்டு அடங்கினார்கள், பின்தங்கியவர்கள் எட்டிப் பிடித்தார்கள். அடுத்த வரி தொடங்கும்போது எல்லாம் ஒன்றாக இருந்தது. பெரிய வித்வான்களின் மேடையில்கூட இப்படிப் பிரிந்தது சேராமல் முடிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தோணி மாஸ்டர்: ஐயா, அதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். உங்கள் காதுக்கு வணக்கம்.

ஜெயந்தி: ஐயா சொன்ன பிறகு காணொளியைத் திரும்பப் போட்டுக் கேட்டோம். கௌதம் முகத்தையே பார்த்தேன். எங்கள் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை, மாஸ்டர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாக்கை ஓரமாகக் கடித்திருந்தான், வீட்டுக் கணக்குப் போடும்போது செய்வதைப் போலவே. தாத்தா மூன்று முறை அந்த இடத்தைக் கேட்டுவிட்டு, கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டார். பதினோரு வயதுப் பிள்ளை, கூச்சப்படாமல் உட்கார்ந்திருக்கிறான்.

வெங்கடேசன்: என்னிடம் நிலா வாசித்த பகுதி மட்டும் தனியாக இருக்கிறது. மற்றவர்களும் அவரவர் பிள்ளையின் பகுதியைப் போடுங்கள்.

அந்தோணி மாஸ்டர்: போடுங்கள், தவறில்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் செல்வி எடுத்த முழுக் காணொளியைக் காட்டுங்கள். தான் வாசித்ததை மட்டும் கேட்கும் பிள்ளை தன் பிழையைத்தான் தேடும். முழுவதையும் கேட்டால் தன் பக்கத்தில் யார் என்ன வாசித்தார்கள் என்பது முதன்முறையாகக் காதில் விழும். மேடையில் நின்றபோது அது கேட்டிருக்காது. எனக்கு இந்த ஒரு மாதத்தில் அவர்களிடம் கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது அதுதான்.

செல்வி: அருள் இப்போதே கேட்கிறான். ‘அம்மா, நான் ஓடிவிட்டேன், கௌதம்தான் பிடித்து நிறுத்தினான்’ என்கிறான். நாளை அவன் வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

ஜெயந்தி: காலையிலேயே வரச் சொல்லுங்கள் அக்கா. இட்லி சாப்பிடட்டும்.

அந்தோணி மாஸ்டர்: ஒரு வேலை பாக்கி. டிரம்பெட்டின் தண்ணீர்ச் சாவியைத் திறந்து ஊதி ஈரத்தை வெளியேற்றிவிட்டு, வால்வுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நான் கொடுத்த சீசாவில் உள்ளது மட்டும். கிளாரினெட்டைக் கழற்றி உள்ளே துணியை இழுத்துத் துடைத்து, ரீடைத் தனியாக உலர வையுங்கள். பள்ளி திறந்தாலும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வகுப்பு தொடரும். கட்டணம் இல்லை. கருவிகள் பிள்ளைகளிடமே இருக்கட்டும்.

வெங்கடேசன்: மாஸ்டர், இதைவிட நல்ல செய்தி இன்று இல்லை.

ஷகிலா: மாஸ்டர், ஆயிஷா தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் டிரம்பெட் வேண்டுமாம். ஏழு வயது. சேர்த்துக்கொள்வீர்களா?

அந்தோணி மாஸ்டர்: மேல் முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துவிட்டனவா?

ஷகிலா: ஒன்று முளைத்திருக்கிறது. இன்னொன்று ஆடிக்கொண்டிருக்கிறது.

அந்தோணி மாஸ்டர்: அதுவும் விழுந்து முளைக்கட்டும். உதட்டுக்குப் பின்னால் உறுதியான பல் இருந்தால்தான் டிரம்பெட் நிற்கும். அதுவரை கௌதமிடம் தாளம் பழகட்டும். சனிக்கிழமை அழைத்து வாருங்கள்.

ஜெயந்தி: கௌதம் இப்போதே டயர் ரப்பர் ஒட்டிய முக்காலியைத் துடைத்து வைத்துவிட்டான்.